செருப்போடு ஊருக்குள் வந்தவர்

யாராவது என்னிடம் "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டால், பதிலுக்கு முன்னால் ஒரு கேள்விதான் நாக்கு நுனிக்கு வரும். "கேக்கறது யாரு?" அதை விழுங்கிவிட்டுத்தான் ஊர்ப்பெயரைச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். கையை நீட்டி உட்கார்ந்திருப்பவர்கள் ஊசியைப் பார்க்காமல் இருப்பதற்காக என் முகத்தைப் பார்ப்பார்கள். முகத்தைப் பார்த்ததும் ஊரைக் கேட்பார்கள். அந்த ஒரு நொடியில் அந்தக் கேள்விக்குச் சொந்தக்காரர் என் தொண்டை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்.

அது அவருடைய பேச்சு. அவரைப் பற்றி எதைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். கன்னத்தில் குழி விழும் சிரிப்பு. கேட்டவர்கள் கேட்டதை மறந்துவிட்டு அவரோடு சேர்ந்து சிரிப்பார்கள். நானும் பல வருடம் அப்படிச் சிரித்தவள்தான்.

அம்மாவுக்கு அவர் சித்தி மகன். எங்களுக்கு மாமா. பெயரை எழுதப் போவதில்லை. மறைப்பதற்காக இல்லை. மலைமேல் ஒரு பெயர், கள்ளக்குறிச்சியில் ஒரு பெயர், உளுந்தூர்பேட்டை லாரிக்காரர்களிடம் ஒரு பெயர் என்று வைத்திருந்தார். எதை எழுதினாலும் மற்ற இரண்டு இடத்துக்காரர்கள் வேறு யாரோ என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் எங்களுக்கு ஏன் அவ்வளவு பெரிய ஆளாகத் தெரிந்தார் என்பது புரியாது. அம்மா கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் உள்ளே போக வேண்டிய ஊர். அப்பா எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவர். மலையில் ஒரு விடுதிப் பள்ளிக்குச் சமையல் வேலைக்குப் போனவர், அம்மாவைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். நானும் அண்ணனும் கள்ளக்குறிச்சியில் வளர்ந்தோம். இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு பெயர். அண்ணன் கீழே அமல்ராஜ், மேலே ராமன். நான் கீழே செலின், மேலே பொன்னி. கேட்பதற்கு வசதியாகத்தான் இருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் பென்சில் சண்டை என்றால்கூட "போடி மலைக்காரி" என்பார்கள். லீவுக்கு மேலே போனால், அங்கே என் வயதுப் பெண் ஒருத்தி மற்ற பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுவாள். "கீழ்நாட்டுப் பொண்ணு வந்துட்டா, கிட்ட போவாத, கிள்ளுவா." நான் யாரையும் கிள்ளியது கிடையாது. எனக்கு அழுகை வரும், அண்ணனுக்கு ஆத்திரம் வரும். நான் அழுது முடித்துவிட்டு விளையாடப் போய்விடுவேன். அண்ணன் அங்கேயே நின்றுகொண்டிருப்பான்.

இப்படி இருந்த எங்கள் நடுவில்தான் மாமா பைக்கில் வந்து இறங்குவார்.

அவரும் எங்களைப் போலத்தான். அவருடைய அம்மா மலைக்காரி. அப்பா மரவள்ளிக்கிழங்கு ஏற்ற வந்த லாரி டிரைவர். மேலே சின்ன வயதில் அவரை "லாரி" என்று கூப்பிடுவார்களாம். பிறகு அப்பா அவரை உளுந்தூர்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய், நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் விட்டிருக்கிறார். அங்கே பெயர் "மலை". இதையெல்லாம் அம்மாதான் சொல்லியிருக்கிறாள். அவர் சொன்னதில்லை. ஆனால் எங்களுக்குக் காயமாக இருந்த ஒன்று அவருக்கு மட்டும் எப்படியோ வித்தையாக மாறியிருந்தது. அண்ணனும் நானும் அதை வாயைப் பிளந்து பார்த்தோம்.

அந்த வித்தை நடக்கும் இடம் ஒரு வளைவு. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறத் தொடங்கினால், பாறையிலிருந்து எந்நேரமும் தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும் ஒரு திருப்பம் வரும். அங்கே பைக்கை நிறுத்துவார். கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். சட்டைப்பையில் இருக்கும் சீப்பை எடுத்து பைக் பெட்டியில் போடுவார். செருப்பையும் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வார். திரும்பும்போது அவர் முகத்தில் ஏதோ ஒன்று மாறியிருக்கும். "போலாமாம்மா" என்று ஒரு வார்த்தைதான் சொல்வார், அது அம்மாவின் ஊர்க்காரர்கள் இழுக்கும் இழுப்பிலேயே இருக்கும். இறங்கி வரும்போது இதே இடத்தில் எல்லாம் தலைகீழாக நடக்கும்.

செருப்புக்குக் காரணம் உண்டு. அம்மாவின் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊர் எல்லையில் ஒரு கடுக்காய் மரம், அதனடியில் சாமிக் கல். கீழே போய்விட்டு வருபவர்களின் செருப்பு அங்கேயே நின்றுவிடும். எத்தனை நாள் கிடந்தாலும் யாரும் தொட மாட்டார்கள். செருப்போடு ஊருக்குள் வருகிறவர்கள் எல்லாம் வெளியாட்கள். வனத்துறை வரும், போலீஸ் வரும், தவணை வசூலிக்கிறவர்கள் வருவார்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கும்பிட்டுக்கொண்டே சிலர் வருவார்கள். அதனால் தூரத்தில் ஆள் தெரிந்தால் ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார்கள்.

"மரம் வரைக்கும் போட்டுக்கினு போலாம்ல மாமா? ரோடு சுடுதே" என்று ஒருமுறை கேட்டேன்.

"மரத்தாண்ட கழட்டுனா காலு மட்டுந்தான் மாறும். இங்கியே கழட்டிட்டா ஆளே மாறிடலாம்" என்றார்.

அப்போது எனக்கு அது பெரிய ரகசியம் கிடைத்த மாதிரி இருந்தது. அன்று முழுக்க மலைமேல் வெறுங்காலோடு திரிந்தேன். முள் குத்தியதுதான் மிச்சம்.

எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் சிலுவை போட்டு ஜெபம் சொல்வார். அப்பாவின் ஜெபம் குழம்பு ஆறுவதற்குள் முடிந்துவிடும். மாமாவுடையது முடியாது. உலகத்தில் உள்ள நோயாளிகள், பயணம் செய்கிறவர்கள், பங்குச் சாமியார் என்று எல்லோரையும் வேண்டிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிடும். அவரே மறுநாள் மேலே சாமிக் கல் முன்னால் ஆடு வெட்டும்போது முதல் ஆளாக நிற்பார். கடைவீதியில் புளியும் கடுக்காயும் வாங்கும் பாய் ஒருவர் இருந்தார், மலைச் சரக்கு எல்லாம் அவரிடம்தான் போகும். நோன்பு மாதத்தில் ஒருநாள் அப்பா என்னை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனபோது, மாமா தலையில் தொப்பியோடு பாய் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். பார்த்தது தெரியாத மாதிரி பார்வையை எடுத்துக்கொண்டார். பாய் எங்கள் அப்பாவிடம், "நம்ம உளுந்தூர்பேட்டைப் புள்ளங்க, ரொம்ப நல்ல வூட்டுப் புள்ள" என்றார். அப்பா சிரித்து மழுப்பிவிட்டு வந்தார். ஏமாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கஞ்சியை அவர் அவ்வளவு பக்தியாகக் குடித்துக்கொண்டிருந்தார், அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த முறை வந்தபோது கேட்டுவிட்டேன். "மாமா, நீங்க நெசமா இன்னா ஆளு?"

"கேக்கறது யாரு? செலினா, பொன்னியா?" என்றார்.

நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் என் தலையைத் தட்டிவிட்டுச் சிரித்தார். "பாத்தியா. உனக்கே தெரியல, எங்கிட்ட கேக்கற." அண்ணன் அதைக் கேட்டு அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தான். அன்றிலிருந்து அப்பா அவனிடம் எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்டால் "கேக்கறது யாரு?" என்பான். இரண்டாவது தடவை சொன்னபோது அடி விழுந்தது. மூன்றாவது தடவையும் சொன்னான்.

அம்மாவுக்கு மாமா என்றால் உயிர். அவர் வந்தால் சாமைச் சோறு பொங்கி, மலைக் கீரை கிடைக்காத ஊரில் எங்கிருந்தோ கீரை தேடி வந்து கடைவாள். ஆனால் அவர் பைக் தெருமுனை திரும்பியதும் அவள் முகம் மாறிவிடும். ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள், "அவன் நல்லவந்தான். யாராண்ட இருக்கிறானோ அவுங்களுக்கு நல்லவன். அவுங்கள வுட்டு அந்தாண்ட போய்ட்டா இன்னா பண்ணுவான்னு அவனுக்கே தெரியாது." பிறகு அண்ணன் பக்கம் பார்த்துவிட்டு, "இவன் அவன மாரி ஆயிடக் கூடாது" என்றாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அம்மாவுக்கு வேறு கவலை இருந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

சின்ன வயதில் அவர் தடுமாறி நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். எனக்குப் புதுநன்மை கொடுத்த நாள், கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி. வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். கோயிலிலிருந்து அப்பாவின் சொந்தக்காரர்கள், சாமியார், தெருக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அம்மாவின் ஊரிலிருந்தும் பலாப்பழமும் தேனுமாக ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். புளி பாயும் வந்திருந்தார், பிரியாணி அவர் ஏற்பாடு. எல்லோரும் மாமாவைத் தேடினார்கள். எல்லோருக்கும் அவர் வேண்டியவர் அல்லவா. காணவில்லை. நான்தான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது.

"இன்னா மாமா, எல்லாரும் தேடறாங்க."

"வவுறு சரியில்லம்மா. நீ போ."

வயிறு சரியில்லாதவர் முகம் அப்படி இருக்காது. பந்தலிலிருந்து யாரோ அவருடைய மலைப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். உடனே வேறு யாரோ கீழ்ப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு குரலுக்கும் அவர் உதடு திறந்தது, சத்தம் வரவில்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதோடு, இதைப் பார்த்திருக்கக் கூடாது என்ற எண்ணமும் வந்தது. சுவர் ஏறிக் குதித்து அவர் போய்விட்டார். என் புதுநன்மைப் படம் எதிலும் அவர் இல்லை.

அதன் பிறகு வந்த வருடங்களில் அவர் ஆள் கூட்டிப் போகிறவராக ஆனார். முதலில் கரும்பு வெட்ட, பிறகு கேரளாவில் மிளகுத் தோட்டத்துக்கு, திருப்பூருக்கு. மேலே மழை பொய்த்த வருடங்கள் அவை. சாமை விதைத்தவர்களுக்கு விதைகூடத் திரும்பவில்லை. மாமா வந்து வெறுங்காலோடு ஒவ்வொரு வீட்டு முன்னாலும் குந்தி உட்கார்ந்து பேசினால் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். கூட்டிப் போனவர்களைப் பத்திரமாகத் திருப்பிக்கொண்டு வந்து விடவும் செய்தார். எங்கள் ஆள், கீழ்நாட்டானிடம் ஏமாறாமல் பேசத் தெரிந்தவன் என்று ஊரே அவரைக் கொண்டாடியது. அம்மாகூடக் கொஞ்சம் நிம்மதியானாள்.

பிறகு வடக்கே போகும் வேன்கள் வந்தன. கட்டட வேலை என்றார்கள். போய் வந்தவர்களின் உள்ளங்கையில் சிமெண்டு அரித்த தடம் இல்லை. ஒருவர் தோளில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்றார். இன்னொருவர் வந்து மூன்று மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கிணற்றடியில் பெண்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். "செம்மரம் வெட்டவாம். ஆந்திரா காட்டுக்கு. புடிச்சா உள்ள போட்டுருவாங்களாம்." மாமாவிடம் இப்போது இரண்டு போன் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தால் ஜெபம் சொல்வது நின்றுபோயிற்று. சாப்பாட்டுக்கு நடுவில் போன் அடிக்கும், எழுந்து போய்த் தெலுங்கில் பேசுவார். திரும்பி வந்து உட்காரும்போது ஒரு கணம், எந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று யோசிப்பது முகத்தில் தெரியும்.

அண்ணன் அவர் பின்னாலேயே திரிந்தான். பாலிடெக்னிக்கை விட்டுவிட்டான். ஒருமுறை நாங்கள் இரண்டு பேரும் அவன் வண்டியில் மலைக்குப் போனபோது, தண்ணீர் கசியும் வளைவில் நிறுத்திச் செருப்பைக் கழற்றினான். முகம் கழுவினான். திரும்பிப் பார்த்து, "போலாமாம்மா" என்றான். அதே இழுப்பு.

"நீ எதுக்கு இதெல்லாம் பண்ற?" என்றேன்.

"ரெண்டு பக்கமும் செருப்படி பட்டது போதும். மாமாவ பாரு. எங்க போனாலும் ஒக்காரச் சொல்லி எலை போடறாங்க" என்றான்.

நானும் அந்த இலைக்கு ஏங்கினவள்தானே.

அம்மாவின் ஊரில் திருவிழா முடிந்த மறுநாள். நாங்கள் எல்லோரும் மேலே இருந்தோம். பகல் சாய்ந்துகொண்டிருந்தது, வெயில் இன்னும் இருந்தது. கடுக்காய் மரத்தடியில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. வேலைக்குப் போகத் தயாராக இருந்த ஆட்கள் பையோடு அங்கே போனார்கள். அவர்களில் ஒருவன், என்னைப் பார்த்து "கிள்ளுவா" என்று ஓடிய அந்தப் பெண்ணின் புருஷன். கல்யாணம் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் அவன் பையில் எதையோ திணித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் யாரிடமும் சொல்லாமல் முன்னமே ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிட்டான்.

வேனின் முன்பக்கத்திலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். பேண்ட், ஷூ, கறுப்புக் கண்ணாடி. எங்கள் பாஷை இல்லை. அவர்கள் பின்னால் மாமா இறங்கினார். மூன்று பேரும் பேசிக்கொண்டே மரத்தைத் தாண்டி ஊருக்குள் நடந்து வந்தார்கள். மாமா அவர்களோடு தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். கையில் கடிகாரம் மின்னியது. நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் பார்த்தது காலை.

செருப்பு போட்டிருந்தார்.

ஊரில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவசரம், மறந்துவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். எனக்குத் தண்ணீர்த் தொட்டிதான் ஞாபகம் வந்தது. இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள், இந்த முறை குதித்து ஓடச் சுவர் இல்லை. அந்த ஷூக்காரர்களோடு வந்த மனிதர் அவர்களாகவே ஆகியிருந்தார். அவரிடம் எங்கள் மாமா என்று யாரும் மிச்சம் இல்லை.

அம்மா வேனுக்கு ஓடினாள். "எறங்குடா" என்றாள்.

அண்ணன் நகரவில்லை. "மாமாகூடத்தாம்மா போறேன். எதுக்குக் கத்தற?"

"இவன் உங்க மாமன் இல்ல. காலப் பாரு."

சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்தது. அவனைத் தரையில் தள்ளிவிட்டு மற்றவர்களைப் பார்த்துக் கத்தினாள், "யாரும் போவாதீங்க, ஐயோ, சொல்றத கேளுங்க, காலப் பாருங்க." ஒரு பெரியவர், "கீழ்நாட்டானக் கட்டிக்கினு போனவ, நீ எங்களுக்குச் சொல்ல வந்துட்டியா" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். ஏறினார்கள். அந்தப் பெண்ணின் புருஷனும் ஏறினான்.

மாமா அப்போதுதான் குனிந்து தன் காலைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து எல்லாம் வடிந்துபோனது. ஒரு காலைத் தூக்கிச் செருப்பைக் கழற்றினார். கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என்னிடம் ஏதோ கேட்க வந்தார் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். வேனில் ஹாரன் அடித்தார்கள், ஷூக்காரர்களில் ஒருவர் அவரைத் தெலுங்குப் பெயரில் கூப்பிட்டார். அவர் செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டு போய் ஏறிவிட்டார்.

அந்த வேனில் போனவர்கள் சிலர் பிடிபட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் பாதி உடம்பாக ஊர் திரும்பினார்கள். சிலரைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை. போன கொஞ்ச நாளிலேயே பெண்கள் கீழே இறங்கி வந்தார்கள். அலுவலகம் அலுவலகமாகப் போனார்கள். போக இடம் தெரியாத நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். மாமாவின் அக்கா வீடு என்ற காரணம் ஒன்றுதான். அம்மா கஞ்சி கொடுப்பாள். குடிக்க மாட்டார்கள். சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருநாள் காலை. ஜெபமாலை மாதம், எங்கள் தெருப் பெண்கள் ஜெபம் சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். உள்ளே அவர்கள், வாசலில் மலைப் பெண்கள். அப்போதுதான் ஒரு போலீஸ்காரர் வந்தார். போனில் ஒரு படம் வைத்திருந்தார். ஆந்திராப் பக்கம் ஏதோ காட்டோரத்து ஏரியில் கிடைத்த உடலாம். சட்டைப்பையில் மடித்த கள்ளக்குறிச்சிக் கடைப் பை ஒன்று இருந்ததைத் தவிர வேறு அடையாளம் இல்லை. கடைவீதியில் விசாரித்ததில் இந்தத் தெருவைக் காட்டியிருக்கிறார்கள்.

வாசலில் இருந்த பெண்களிடம் முதலில் நீட்டினார். பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்க ஆளு இல்லங்க. கீழ்நாட்டு ஆளு" என்றாள் ஒருத்தி. உள்ளேயிருந்து வந்த எங்கள் தெரு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். எத்தனையோ முறை மாமாவுக்குச் சாப்பாடு பரிமாறிய அக்கா. "மலை ஆளு மாரி இருக்குது சார். நமக்குத் தெரியாது" என்றார். பாயிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். அவர், எங்க ஜமாத்து ஆள் இல்லை என்று சொல்லிவிட்டாராம். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் அந்த முகத்தைத் தெரியும் என்று சொல்வது வழக்கைத் தெரியும் என்று சொல்வது மாதிரி.

போலீஸ்காரர் அண்ணனிடம் காட்டினார். "உனக்குத் தெரியுமா தம்பி? நீ இவருக்கு இன்னா வேணும்?"

அண்ணன் படத்தைப் பார்த்தான். கன்னத்தில் லேசாகக் குழி விழச் சிரித்தான். அவனுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"கேக்கறது எந்த ஸ்டேஷன் சார்?" என்றான். பதில் வந்ததும், அந்தப் போலீஸ்காரர் பேசிய அதே தினுசில், அவர் சொந்த ஊர்க்காரன் மாதிரியே சொன்னான், "இல்ல சார். பாத்ததே இல்ல."

அம்மா முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு சுவரோடு சரிந்தாள். அண்ணனை அந்த வேனிலிருந்து இழுத்து இறக்கிவிட்டோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எனக்குப் பயம்தான். போலீஸ் பயம் ஒரு பக்கம், வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் கண் ஒரு பக்கம். ஆனால் அந்தப் படத்தில் இருந்த முகம், என்னைப் பார்த்துக்கொண்டு ஒரு காலில் நின்ற அதே முகம். நான் சொன்னேன், "எங்க மாமாங்க. எங்கம்மாவோட தம்பி. மலைக்காரருதான். எங்க வூட்லதான் சாப்புடுவாரு, எங்களோட சேந்து ஜெபம் சொல்லுவாரு. நான் அவரு அக்கா பொண்ணு."

எந்த இழுப்பும் போடாமல், எனக்கு எப்படிப் பேச வருமோ அப்படியே பேசினேன். இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நான் கலைந்து போய்விடவில்லை. போலீஸ்காரர் என் இரண்டு பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

அப்போது வாசலில் இருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். அந்தப் பெண்தான். சின்ன வயதிலிருந்து என் கிட்டே வராதவள், அன்றைக்கு மிக நெருக்கமாக வந்து நின்றாள்.

"அவன் உன் மாமன்தான? நீயே சொல்லிட்ட. அப்ப எங்க ஆளு எங்க? சொல்லு."

அம்மாவும் நானும்தான் ஆந்திராவுக்குப் போய் உடலை வாங்கிக்கொண்டோம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்தோம். எந்த முறைப்படி என்று கேட்டார்கள். "காலுல ஒண்ணும் இல்லாம வைங்க. அது போதும்" என்றாள் அம்மா. அண்ணன் வரவில்லை. இப்போது சென்னையில் இருக்கிறான். அங்கே அவன் பெயர் என்ன, ஊர் எது என்று யாரிடம் என்ன சொல்லியிருக்கிறான் என்பது எங்களுக்குத் தெரியாது. போன் செய்தால் எடுத்ததும் ஒரு நொடி பேசாமல் இருப்பான். எந்த நம்பர், எந்தக் குரல் என்று பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவான். அந்த ஒரு நொடிக்காகவே அம்மா அவனுக்குப் போன் செய்வதை விட்டுவிட்டாள்.

திருவிழாவுக்கு நான் மட்டும் மேலே போகிறேன். வளைவில் நிற்பதில்லை. நேராகப் போய்க் கடுக்காய் மரத்தடியில் செருப்பைக் கழற்றுகிறேன். அந்தப் பெண் அங்கே இருப்பாள். என் காலைப் பார்ப்பாள், பிறகு முகத்தைப் பார்ப்பாள். கீழ்நாட்டுப் பொண்ணு என்று இப்போது அவள் சொல்வதில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.

"பொன்னி, எங்க ஆளு எங்க?"

"தெரியல" என்கிறேன்.

அவள் நகர மாட்டாள். நான்தான் வெறுங்காலோடு அவளைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் போக வேண்டும்.